நான்கு பேர் தண்ணீர்

பலவேசம் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு இறந்தபோது அவர் மனைவி ராஜகனிக்குக் கண்ணீர் வரவில்லை. அந்த மாதம் நான்கு பேருடைய தண்ணீரும் எதிர்வீட்டுப் பிலவேந்திரனிடம் இருந்தது. மண் பலவேசத்திடமும், தீ தெருமுனையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் சந்தனமாரியிடமும், காற்று ராஜகனியிடமும் இருந்தன. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள் கிடந்தது. அதற்கு முன்னால் இடம் மாறுவது வழக்கமில்லை.

தூத்துக்குடியில் வேறெங்கும் இந்த ஏற்பாடு உண்டா என்று தெரியாது. அந்தத் தெருவில் ஏழு வருடமாக இருக்கிறது. ராஜகனி வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு யாரோ புண்ணியவான் அனுப்பிய இலவசப் பார்சலில் வந்த ஒரு புத்தகம்தான் ஆரம்பம். பழைய தெய்வங்களைப் புதிதாகக் கும்பிடத் தொடங்கிய வெள்ளைக்காரர்களைப் பற்றியது. அவர்கள் தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனாக்கும் என்று பலவேசம் ஆசையாக உட்கார்ந்து படித்தார். ஏமாந்துபோனாலும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. மனுஷன் எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார்.

வட்டம் போட்டு, நான்கு திசைக்கு நான்கு பேர் நின்று, நான்கு பூதங்களையும் மரியாதையாக அழைக்க வேண்டும். மண் என்றால் உடம்பு, தீ என்றால் மனவேகம், காற்று என்றால் நினைப்பு, தண்ணீர் என்றால் உணர்ச்சி. ஐந்தாவது நடுவில் இருக்கும், அதை யாரும் தொடக்கூடாது. அதற்கு இவர்கள் மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வட்டம் போடுவதற்குப் பலவேசம் தான் மேற்பார்வை பார்த்த உப்பளத்திலிருந்தே ஒரு மூட்டை உப்பு கொண்டுவந்தார்.

இரண்டு விஷயத்தில் மட்டும் புத்தகத்தை மீறினார்கள். தண்ணீரை மேற்கே பார்த்து அழைக்கும்படி புத்தகத்தில் இருந்தது. எழுதிய அம்மாளுக்குக் கடல் மேற்கில் இருந்திருக்கும். இங்கே மேற்கே பார்த்துக் கூப்பிட்டால் திருநெல்வேலி ரோட்டு லாரிதான் வரும் என்றார் பிலவேந்திரன். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், கடல் எந்தப் பக்கம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரைக் கிழக்குக்கு மாற்றினார்கள். ஆடி மாதம் மேற்கேயிருந்துதானே காற்று அள்ளிக் கொட்டுகிறது என்று காற்றை மேற்கே வைத்தார்கள்.

இன்னொன்று வழியனுப்புவது. எல்லாம் முடிந்ததும் பூதங்களுக்கு நன்றி சொல்லி, போகலாம் என்று சொல்லிவிட வேண்டும். வீடு தேடி வந்தவர்களைப் பார்த்து வெறுமனே போ என்று எந்த வாயால் சொல்வது? நால்வரும் கைகூப்பி, போயிட்டு வாங்க என்றார்கள். பூதங்கள் மாடிப்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தன. எந்தத் திசையில் யார் நின்றாரோ அவரிடமே தங்கிவிட்டன, நான்கு பேருக்கு உள்ளதும் ஒருவரிடமே.

மறுநாளிலிருந்து வடக்கில் நின்றவர் நான்கு பேர் எடை இருந்தார். எடை போய்விட்ட மற்ற மூவரும் காற்றுக் காலத்தில் வெளியே போனால் பையில் ஐந்து கிலோ அரிசி போட்டுக்கொண்டு போனார்கள். தெற்கில் நின்றவருக்கு நான்கு பேர் பசி, நான்கு பேர் கோபம். மேற்கில் நின்றவர் நான்கு பேருக்கும் சேர்த்து நினைத்தார். சிலிண்டர் பதிய வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டும், பார்லரில் மருதாணி தீர்ந்துவிட்டது என்று அவருக்கே எல்லாம் வரும். எந்தக் கிழமை நினைப்பு என்று தெரியும், யாருடையது என்று தெரியாது. வந்ததைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். கிழக்கில் நின்றவர் எல்லோருக்கும் அழுதார். அழுகைக்கு ஆளும் தெரியும், நாளும் தெரியும், வந்த வரிசையில்தான் அழ முடியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆளுக்கு ஒரு இடம் தள்ளி நிற்பார்கள். ஒரு மாதம் அழுதால் மூன்று மாதம் நிம்மதி. யாரும் குறை சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராஜகனி நூலகத்துக்கு லீவு போட்டிருந்தாள். லீவு போட வேண்டும் என்று முதல்நாள் ஒரு நினைப்பு வந்தது, போட்டாள். கறிவேப்பிலை வாங்கிவரக் கிளம்பியபோது பலவேசம் வாசல் பக்கத்து இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் தாண்டிப் போகக் காலை மடக்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது கால் மடக்கியபடியே இருந்தது. ஆள் இல்லை.

கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஐம்பத்தெட்டு வயது சாகிற வயதா? காலையில் தோசைக்கு மிளகாய்ப்பொடி கேட்ட மனுஷன். தலையில் இடி விழுந்தால் இப்படித்தான் இருக்கும் என்று பட்டது. அதற்குள் நான்கு பேர் நினைப்பும் மளமளவென்று ஓடியது. யார் யாருக்குப் போன் போட வேண்டும், பந்தலுக்கு யார், பூவுக்கு யார், வண்டி எத்தனை மணிக்கு. இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது, அழுகை மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தொண்டைக்குள் கையை விட்டுத் தேடலாம் போல இருந்தது.

பலவேசத்தின் அக்கா சுடலைவடிவு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மதியத்துக்குள் வந்துவிட்டாள். தெருமுனையிலேயே ஆரம்பித்து மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், தம்பி பெஞ்சாதியைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டிவிட்டு, முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். பந்தலில் இருந்த பெண்களும் பார்த்தார்கள். ராஜகனி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, முப்பது வருஷம் ஒண்ணா இருந்தவன் கெடக்கான். ஒரு சொட்டு வரலையே ஒனக்கு” என்றாள் சுடலைவடிவு.

“எங்கிட்ட இல்ல மதினி. எதுத்த வீட்டு அண்ணாச்சிகிட்ட இருக்கு.”

சுடலைவடிவு எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிலவேந்திரன் தோளில் துண்டுடன் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் காய்ந்துதான் இருந்தது. அப்போ அந்த ஆளாவது அழுதால் என்ன என்று கேட்டுவிட்டு, அவள் தன் பாட்டுக்கு அழப் போனாள்.

ராஜகனி தெருவைத் தாண்டிப் போனாள். காற்று இல்லாத நாள் என்பதால் அரிசிப் பை எடுக்கவில்லை. பிலவேந்திரன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்த இருபத்து நான்கு நாளில் அவர் ஒரு தடவைகூட அழவில்லை. மனைவி போன பிறகு தனியாக இருக்கிற ஆம்பளை, கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்; பௌர்ணமிக்கு முதல்நாள் மணப்பாட்டுக்குப் போய்க் கடலோரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக அழுதுவிட்டு வரலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். நான்கு பேர் அழுகையை ஒருவர் மூட்டை கட்டி வைப்பார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

“ஒங்களோடது பத்தே காலுக்கே வந்துட்டு, தங்கச்சி. ஆனா முன்னால நெறைய நிக்குது.”

“எம் புருஷனுக்கு நீங்க அழ வேண்டாம் அண்ணாச்சி. நான் அழணும். எடுக்கதுக்கு முன்னால அழணும்.”

பௌர்ணமிக்கு முன்னால் தண்ணீரை எப்படி மாற்றுவது என்பது பிலவேந்திரனுக்குப் பிடிபடவில்லை. பௌர்ணமி தவிர எந்த நாளில் வட்டம் போட்டாலும், போயிட்டு வாங்க என்றதும் அது பழைய ஆளிடமே வந்துவிடும். வழி சொன்னது சந்தனமாரி. நான்கு பேர் பசி அவளிடம் இருந்ததால், சாவு விழுந்த துட்டி வீட்டில் உலை வைக்கக்கூடாது என்று பின்பக்கம் நின்று பன்னும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தாள். துட்டி வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை, போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொள்வதுமில்லையே என்று அவள் ஞாபகப்படுத்தினாள். சொல்லாமல் அனுப்பினால் போனது போனதுதான், அந்தந்தத் திசையில் புதிதாக நிற்கிறவரிடம் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் வடக்கில் பலவேசம் நின்றாக வேண்டும். அவர் வாசல் பக்கத்தில், இறந்த பெஞ்சிலேயே கிடந்தார். தூக்கப் பார்த்தார்கள், உப்பளத்திலிருந்து வந்திருந்த எட்டுப் பேருக்கும் அசையவில்லை. பிலவேந்திரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பந்தல்காரரிடம் நான்கு இரும்புக் குழாய் வாங்கி, பெஞ்சுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கூடத்துக்குள் உருட்டவைத்தார். தலை தெற்கேதான் இருக்க வேண்டும் என்று சுடலைவடிவு ஒற்றைக்காலில் நின்றாள். சரி, தலை தெற்கே, ஆள் வடக்குச் சுவரோரம் என்று சமாதானமாயிற்று. அவள் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ராஜகனி கிழக்கே போய் நின்றாள். பிலவேந்திரன் மேற்கே, சந்தனமாரி தெற்கே. உப்பால் கோடு இழுத்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் கோட்டை மிதிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். நால்வரில் மூவர் கைகூப்பித் தலையை ஆட்டினார்கள், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூதங்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வாசல் வரை போயின. கொஞ்ச நேரம் அங்கே நின்றன. பிறகு உள்ளே வந்து அவரவர் திசையில் இருந்தவர்களிடம் சேர்ந்தன. வடக்கில் இருவர் இருந்ததால் மண் உயிரோடு இருந்தவளைப் பார்த்துப் போயிற்று. சுடலைவடிவு உட்கார்ந்த இடத்தில் அழுந்தி உட்கார்ந்தாள். அவளுடைய அழுகை பாதியில் நின்று, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றது. இப்போது பலவேசத்தை இரண்டு பேர் தூக்கலாம்.

மணி இரண்டரை. ராஜகனி பெஞ்சின் அருகே உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.

முதலில் வந்தது சந்தனமாரியுடையது. இருபத்து மூன்று நாளுக்கு முன்னால் அவள் வளர்த்த பிரௌனி என்ற நாய் லாரியில் அடிபட்டது. ராஜகனி தலையில் அடித்துக்கொண்டு, எம் பிரௌனி போயிட்டியே என்று கதறினாள். சுற்றி இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, தோளில் கை போட்டு அவர்களும் பிரௌனிக்கு அழுதார்கள். அடுத்தது பிலவேந்திரனுடையது. அவர் முப்பது வருடம் ஓட்டிய கிரேனைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அந்தக் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் ஒட்டியிருந்த மாதா படத்தைச் சொல்லிச் சொல்லி ராஜகனி அழுதாள். உப்பளத்து ஆட்களில் இரண்டு பேர் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள், அவர்களுக்கும் அடக்கமுடியவில்லை. சுடலைவடிவு சுவரோரத்திலிருந்து, யாருக்கு அழுதா என்ன, அழுதுட்டாள்ல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

ராஜகனி அவசரப்படுத்தினாள். கொஞ்சம் சின்ன அழுகைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஒரே மூச்சில் முடித்தாள். அப்போதுதான் வியாழக்கிழமை வந்தது, பத்தொன்பது நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பலவேசத்தின் அழுகை.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஏழு வருடத்தில் கிழக்கில் நின்ற யாருக்கும் பலவேசத்தின் அழுகை என்று ஒன்று வந்ததே கிடையாது. கல்லுளிமங்கன் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். இப்போது அது அவள் தொண்டையில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருசக்கர வாகனங்கள் நிற்கிற இடம். டாக்டர் சொன்னது காதில் நிற்கிறது: இதயம் இன்னும் மூன்று வாரம் தாங்கினால் அதிகம். சாவி எந்தப் பையில் என்று தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனுஷன் வண்டிகளுக்கு நடுவில் நின்று, அழுகை வராமல், சாவியைத் தேடுகிறான். ராஜகனி அந்த அழுகையை அழுதாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பத்தொன்பது நாள் தெரிந்து, தோசைக்கு மிளகாய்ப்பொடி கேட்டிருக்கிறார்.

பிலவேந்திரன் மேற்குச் சுவரோரம் நின்று வண்டிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு பேர் நினைப்பும் இப்போது அவரிடம் வந்திருந்தது. போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஒரு வியாழக்கிழமை நினைப்பு இங்க பழசாக் கெடக்கு. இத்தன நாளும் ஒங்ககிட்டதான் இருந்திருக்கு.”

“என்ன நினைப்பு?”

“ராஜகனிக்குத் தெரிய வேண்டாம்னு.”

அப்படி ஒன்று வந்தது உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஏதோ ஒரு வியாழக்கிழமை, நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்திருக்கும். யாருடைய நினைப்பு என்று தெரியாது, வந்ததைச் செய்ய வேண்டியதுதானே. அவளும் ராஜகனிக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது நாளும் கவனமாக, ஒரு தடவைகூட வாய் தவறாமல் காப்பாற்றியிருக்கிறாள். அதை நினைக்க அவளுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் நெஞ்சு வெடிப்பதும் வரிசையில்தான் வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்று வைத்திருந்தார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பால் காய்ச்சுவதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்து வந்த அழுகை. சனிக்கிழமை ஆறு மணிக்கு இன்னொன்று. அவள் ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைத்தாள், அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார், இனி யார் பிடிப்பார்கள் என்று. நடுவில் சந்தனமாரியின் மகள் போன் பேசாதது ஒன்று, பிலவேந்திரனின் மனைவி நினைவு நாள் ஒன்று. பிறகு மறுபடி காலை ஆறு மணி. வியாழனுக்குப் பிறகு அவர் தனக்காக ஒன்றுகூட அழவில்லை. எல்லாம் இவளுக்கு. செருப்பு வார் அறுந்ததற்கு. ராத்திரிக்கு என்ன வைக்கட்டும் என்று கேட்டதற்கு. லீவு போட்டுவிட்டு ஏன் போட்டேன் என்று தெரியாமல் முழித்ததற்கு. ராஜகனி தன்னை நினைத்துத் தன் புருஷன் அழுத அழுகையையெல்லாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழுது தீர்த்தாள். இந்த மனுஷனுக்கு இவ்வளவு இருந்ததா என்று முப்பது வருடம் கழித்துத் திகைத்தாள். பந்தலில் இருந்த பெண்களும் அவளோடு சேர்ந்து, ராஜகனி, ராஜகனி என்று அவள் பெயரைச் சொல்லியே அழுதார்கள்.

வண்டி வந்து நின்றது. மணி நாலாக ஐந்து நிமிடம். அன்றைய செவ்வாய்க்கிழமை ஆறு மணி அழுகையும் முடிந்தது. அடுத்தது தன்னுடையதுதான் என்று ராஜகனி முகத்தைத் துடைத்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, பெஞ்சுக் கம்பியைப் பிடித்தாள். நாலைந்து பேர் தூக்கத் தயாராக வந்து நின்றார்கள். அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்து நின்றதும் பலவேசத்தினுடையதுதான். அது நாளை, புதன்கிழமை காலை ஆறு மணிக்குரியது; அந்த நேரம் வராமல் அதை அழ முடியாது. அதன் பின்னால் வியாழன் இருந்தது, அதன் பின்னால் வெள்ளி. எல்லாம் பத்தே காலுக்கு முன்னாலேயே வந்து வரிசையில் இடம் பிடித்தவை. அவள் எட்டிப் பார்த்த தூரம் வரைக்கும், நாளைக்கு ஒன்றாக, காலை ஆறு மணிக்கு ஆறு மணி, அவர் பெயரில் நின்றன. அவளுடையது அதற்கெல்லாம் பின்னால் எங்கேயோ இருந்தது.

ராஜகனி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். தூக்கலாம் என்று தலையசைத்தாள். பலவேசத்தை இரண்டு பேர் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி தெருமுனை திரும்பும் வரை உலர்ந்த கண்ணோடு வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், விடிகாலையில் தூங்கிவிடக்கூடாது என்று ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்தாள்.